லிஸ்டும் அவர் காலமும்

1831ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பிரான்சு தேசத்துப் பட்டுத் தொழிலின் தலைமையிடமாகிய லியோன் நகரத்தில் நெசவாளர் கிளர்ந்தெழுந்தனர். நெய்த துணிக்கு இன்ன கூலியெனக் குறைந்த அளவொன்று வரையறுக்கப்படவேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. அரசாங்க அதிகாரியின் முன்னிலையில் அத்தகைய கூலிப்பட்டியல் ஒன்று ஒப்புக்கொள்ளப்பட்டும் இருந்தது. ஆயின் பட்டு வணிகருட் பலர் அதற்குக் கட்டுப்பட மறுத்தனர். நெசவாளர் கறுப்புக்கொடி தூக்கி நகருக்குள் இறங்கினர். உழைத்து வாழ்வோம், அன்றேல் போரிட்டு மடிவோம் என்பது அவர்களது முழக்கம். சில நாட்கள் நகரமே அவர்கள் கையில் இருந்தது. பின்னர் பெரும்படை வந்தது. 1834 ஏப்ரலில் அவர்கள் மீண்டும் எழுந்தபோது, முன்னையதினும் கொடிய முறையில் அவ்வெழுச்சி நசுக்கப்பட்டது.

ஐரோப்பியத் தொழிலாளர் இயக்க வரலாற்றைப் படித்தோர்க்கு இவை புதியன அல்ல. ஆயின் அம்முழக்கம் ஓர் இசைத்தாளின் தலைப்பில் பொறிக்கப்பட்டது என்பதனைப் பலர் அறியார். பியானோவுக்கென இயற்றப்பட்ட அவ்விசையின் பெயரே ‘லியோன்’. அதனை இயற்றியவர் பிரான்ஸ் லிஸ்ட். ஐரோப்பாவின் அரசவைகளெல்லாம் போற்றிய அதே லிஸ்ட்தான். 1842இல் வெளிவந்த ‘ஒரு பயணியின் ஏடு’ என்னும் தொகுதியில் அது முதலாவது இசையாக இடம்பெற்றது. 1855இல் அத்தொகுதியின் பெரும்பகுதியைத் திருத்தி, ‘யாத்திரை ஆண்டுகள்’ என்ற பெயரில் லிஸ்ட் மறுபடியும் வெளியிட்டார். அந்நூலில் ‘லியோன்’ இல்லை.

அது எவ்வாறு எழுதப்பட்டது? எவ்வாறு விடுபட்டது? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவதே நமது நோக்கம். லிஸ்டின் காதல் வாழ்வைப் பற்றி எழுந்த நூல்கள் ஏராளம். அதனை அந்நூல்களுக்கே விட்டுவிடுகின்றோம்.

லிஸ்டைப் புரிந்துகொள்ள அவர்க்கு ஒரு தலைமுறை முந்திய நிலையை அறிதல் அவசியம். இசைமேதை ஹைடன் 1761இல் ஹங்கேரியின் பெருநிலப்பிரபுக்களாகிய எஸ்தர்ஹாசி குடும்பத்தினரிடம் சேவகத்தில் அமர்ந்தார். அன்று அவர் கையொப்பமிட்ட ஒப்பந்தம் இன்றும் படிக்கக் கிடைக்கின்றது. சீருடையும் வெண்ணிறக் காலுறையும் அணிந்து, தலைமயிருக்கு மாப்பூசி வரவேண்டும். நாள்தோறும் முற்பகலிலும் பிற்பகலிலும் பிரபுவின் முன்னறையிற் காத்துநின்று, இன்று வாத்தியக் கச்சேரி உண்டா எனக் கேட்டறியவேண்டும். இயற்றும் இசை பிரபுவுக்கே உரியது, பிறர்க்குக் கொடுத்தலாகாது. இவ்வாறு செல்கின்றன அதன் விதிகள். ஹைடனை அவமதிக்கும் நோக்கம் அப்பிரபுவுக்கு இருந்ததாக நாம் கருதவேண்டியதில்லை. இசைவாணனும் சமையற்காரனும் தோட்டக்காரனும் ஒரே வீட்டு ஊழியர் என்பது அச்சமுதாயத்தின் இயல்பான எண்ணம். அவ்வளவே.

அதே எஸ்தர்ஹாசி பண்ணையில் செம்மறியாட்டுப் பட்டிகளை மேற்பார்த்துக் கணக்கெழுதும் உத்தியோகத்தில் இருந்தவர் ஆதாம் லிஸ்ட். இளமையில் பிரபுவின் வாத்தியக் குழுவில் வயலின் இனத்துப் பெருங்கருவியாகிய செல்லோ வாசித்தவர். ஹைடனைக் கண்ணாற் கண்டவர். இசைவாணராக வேண்டுமென்ற ஆசை நிறைவேறாமல் ஆட்டுக்கணக்கில் அமிழ்ந்தவர். அவர்க்கு 1811 அக்டோபர் 22ஆம் நாள், அக்காலத்தில் ஹங்கேரியைச் சேர்ந்ததும் இன்று ஒஸ்திரியாவில் உள்ளதுமான ரைடிங் கிராமத்தில் மகன் பிறந்தான். ஆறேழு வயதில் அச்சிறுவனுக்குத் தந்தையே பியானோ கற்பித்தார். ஒன்பதாம் வயதில், 1820 நவம்பரில், பிரெஸ்பூர்க் நகரத்தில் அவன் வாசித்ததைக் கேட்ட பிரபுக்கள் சிலர், ஆண்டொன்றுக்கு 600 கில்டர் வீதம் ஆறாண்டுகளுக்கு உதவ முன்வந்தனர். தந்தை உத்தியோகத்தை விட்டு மகனை வியன்னாவுக்கு அழைத்துச் சென்றார். பீத்தோவனின் மாணாக்கராகிய செர்னி அவனுக்குக் கூலி பெறாமற் கற்பித்தார். இதனை வாசகர் நினைவில் இருத்துதல் வேண்டும், பின்னர் பயன்படும்.

1823 டிசம்பரில் தந்தையும் மகனும் பாரிஸ் வந்தனர். அங்குள்ள இசைக் கல்லூரி அந்நியர்க்கு அனுமதியில்லை என்று கூறி அவனைத் திருப்பி அனுப்பியது. அவ்விதியைச் சுட்டிக்காட்டிய கல்லூரித் தலைவர் கெருபீனி தாமே ஓர் இத்தாலியர் என்பதை எண்ணும்போது நமக்குச் சிரிப்புத்தான் வருகின்றது. கல்லூரி மூடிய கதவை ஒரு தொழிற்சாலை திறந்தது. பியானோ உற்பத்தியாளராகிய எராட் குடும்பத்தினர் சிறுவனை ஆதரித்தனர். தம் புதிய வாத்தியம் ஒன்றை அவனிடம் ஒப்படைத்தனர்.

இங்குச் சற்று நின்று அவ்வாத்தியத்தையே நோக்குதல் தகும். பியானோவில் விரல் கட்டையை அழுத்த, உள்ளே சிறு சுத்தியலொன்று எழுந்து தந்தியை அடிக்கின்றது. பழைய பொறியமைப்பில், கட்டை முற்றாக மேலெழுந்த பின்னரே அதே சுரத்தை மறுமுறை ஒலிக்க முடியும். செபஸ்தியான் எராட் 1821இல் உரிமை பெற்ற புதிய அமைப்பில், சுத்தியல் முழுதும் கீழிறங்காது பாதிவழியிலேயே தங்கி அடுத்த அடிக்குக் காத்திருக்கும். ஆகவே ஒரே சுரத்தை மிக விரைவாகப் பன்முறை ஒலிக்கலாம். நாளடைவில் இரும்புச் சட்டங்களும் தடித்த தந்திகளும் வந்து சேர, பிரபுவின் வரவேற்பறைக்கென இருந்த மெல்லிய ஒலி, ஆயிரம் பேர் அமரும் மண்டபத்தையும் நிரப்பும் வல்லோசையாயிற்று. மேதையின் விரல்கள் இறைவன் தந்தவை என்று பாடுவோர் பாடட்டும். அவ்விரல்களுக்கு எதிரே இருந்த பொறி ஒரு தொழிற்புரட்சியின் பிள்ளை. அத்துடன், நகரத்து மத்தியதர வர்க்கத்தின் வீடுகளில் பியானோ ஒரு கௌரவப் பொருளாக நுழைந்துகொண்டிருந்த காலம் அது. எராட் பியானோவில் ஒரு சிறுவன் அற்புதங்கள் செய்து காட்டினால் அதனைவிடச் சிறந்த விளம்பரம் வேறென்ன? பிரபுவின் சீருடையைக் கழற்றியவுடன் வணிகனின் நிழல் கலைஞன்மேல் விழுந்துவிட்டது.

1827 ஆகஸ்டில், பயணத்திடையே, தந்தை பூலோன் நகரில் காய்ச்சலால் இறந்தார். பதினாறு வயது நிரம்பாத லிஸ்ட் தம் பியானோவை விற்றுக் கடன் தீர்த்தார். தாயை அழைத்துக்கொண்டு பாரிஸில் குடியேறி, செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வீடுவீடாகச் சென்று பாடஞ் சொல்லிப் பிழைத்தார். ஓர் அமைச்சரின் மகள் அவரிடம் கற்றாள். இருவர்க்கும் அன்பு அரும்பிற்று. அமைச்சர் ஆசிரியரை வெளியேற்றினார். மேடையில் கைதட்டப்பட்டவன் வாயிற்படியில் யாரென்பதை லிஸ்ட் அன்று கற்றுக்கொண்டார். நோயும் மனச்சோர்வும் அவரை எவ்வளவு தூரம் மறைத்தனவெனின், 1828இல் பாரிஸ் பத்திரிகையொன்று அவர் இறந்துவிட்டார் என்றே எழுதிற்று.

அவரை எழுப்பியது 1830 ஜூலைப் புரட்சி. பீரங்கி முழக்கமே தம் மகனைக் குணமாக்கிற்று என்று அவர் தாயார் பின்னர் கூறுவாராம். புரட்சியைப் பாடும் பெரும் வாத்திய இசையொன்றை அவர் தொடங்கினார்; முடிக்கவில்லை. சான் சிமோனைப் பின்பற்றிய சமதர்மிகளின் கூட்டங்களுக்குச் சென்றார். ஏழைகளின் பக்கம் நின்றமையால் திருச்சபையோடு மோதிய பாதிரியார் லாமென்னேயின் இல்லத்தில் 1834இல் தங்கி, அவரைத் தம் ஞானகுருவாகக் கொண்டார். ‘லியோன்’ அவர்க்கே காணிக்கையாக்கப்பட்டது.

இவ்வாண்டுகளிலேதான் வித்துவத் திறனும் முறுகி வளர்ந்தது. 1832இல் வயலின் மேதை பாகனீனியைக் கேட்டார். கேட்டபின் நாள்தோறும் நான்கைந்து மணிநேரம் விரற்பயிற்சியில் மூழ்கினார். கூடவே நூல்களையும் வெறிகொண்டு கற்றார். இசைவாணனுக்கு விரல் போதும், கல்வி எதற்கு என்ற பழைய எண்ணத்துக்கு அவர் உடன்படவில்லை.

1835இல் ‘கலைஞரின் நிலைமை’ பற்றிப் பாரிஸ் இசைப் பத்திரிகையொன்றில் அவர் பெயரால் ஒரு கட்டுரைத் தொடர் வெளிவந்தது. எழுத்தில் அவருடைய துணைவியாகிய மாரீ தாகூவின் கை எவ்வளவு என்பதில் ஆய்வாளரிடையே வழக்கு உண்டு. ஆயின் கோபம் லிஸ்டுடையது என்பதில் நமக்கு ஐயமில்லை. இசைவாணனை விருந்தில் வேடிக்கை காட்டும் கூலியாளாக நடத்தும் வழக்கத்தை அது சாடியது. சாடியதோடு நில்லாமல் கோரிக்கைகளையும் முன்வைத்தது. ஆரம்பப் பாடசாலைகளில் இசை கற்பிக்கப்படவேண்டும். பழையவரும் புதியவருமான சிறந்த ஆசிரியர்களின் ஆக்கங்கள் மலிவான பதிப்புகளாக வெளிவரவேண்டும். இவைபோன்று இன்னும் சில. ஆசிரியத் தொழிலில் உள்ள நம்போன்றோர்க்கு இவற்றைப் படிக்கும்போது மெல்லிய வியப்புத் தோன்றுகின்றது. கலைஞனின் கௌரவத்தைப் பற்றிப் பேசத்தொடங்கியவர் குடிமக்களின் பிள்ளைகளது வகுப்பறையில் வந்து நிற்கின்றார்! கலைஞன் உயரவேண்டுமெனில் கேட்போர் கூட்டம் விரியவேண்டும் என்பதை இருபத்து மூன்று வயதில் அவர் கண்டிருந்தார். அவ்வாண்டே ஜெனீவாவில் புதிதாய்த் தொடங்கிய இசைப் பள்ளியில் ஊதியமின்றிக் கற்பித்தார். 1837இல் லியோன் நகருக்கே சென்று, வேலையிழந்த தொழிலாளர்க்கென ஒரு கச்சேரி செய்தார். அங்குக் கண்ட வறுமையைப் பற்றிப் பகிரங்கக் கடிதமொன்றில் மிக்க வேதனையோடு எழுதினார்.

‘லியோன்’ எழுதப்பட்ட சூழ்நிலை இதுவே. இனி அது மறைந்த சூழ்நிலை.

1838 மார்ச்சில் டான்யூப் நதி பெருக்கெடுத்துப் பெஸ்ட் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. வெனிஸிலிருந்த லிஸ்ட் செய்தி கேட்டு வியன்னாவுக்கு விரைந்து, தாய்நாட்டாரின் துயர் துடைக்கக் கச்சேரி செய்தார். வியன்னா வெறிகொண்டது, ஒரு கச்சேரி பலவாயிற்று. நிவாரணத்துக்கெனச் சென்றவர் ஐரோப்பாவின் முதல் வித்துவானாகத் திரும்பினார். அடுத்த ஆண்டு தொடங்கி 1847 வரை அவர் செய்த கச்சேரிகள் ஆயிரத்துக்கு மேற்பட்டன எனக் கணக்கிடுவர். லிஸ்பன் முதல் கொன்ஸ்தாந்திநோபிள் வரை, அயர்லாந்து முதல் ருஷ்யா வரை, ரெயில் வண்டி பரவாத காலத்தில், பெரும்பாலும் குதிரைவண்டியிலே சென்றார்.

அதுவரை கச்சேரி என்றால் பாட்டுக்காரர் இருவர், வயலின் ஒன்று, வாத்தியக் குழு ஒன்று, நடுவே பியானோ என்ற கலவையாகவே இருந்தது. லிஸ்ட் மற்றெல்லாரையும் நீக்கினார். மாலை முழுவதும் ஒரு மனிதர், ஒரு வாத்தியம். 1840 ஜூனில் இலண்டனில் இதற்கு ‘ரிசைட்டல்’ என்று விளம்பரப் பெயர் சூட்டினர். பியானோவில் எதனை ஒப்புவிப்பது என்று ஆங்கிலேயர் கேலி செய்தனர், பெயர் நிலைத்துவிட்டது. இன்று உலகெங்கும் வழங்கும் தனிக்கச்சேரி முறையின் தொடக்கம் இதுவே. இது கலைஞனின் விடுதலை என்பதை நாம் மறுக்கமாட்டோம். முன்னறையிற் காத்துநின்ற ஹைடன் எங்கே, மண்டபத்தையே தன் முன்னிலையிற் காத்திருக்கவைத்த லிஸ்ட் எங்கே! ருஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கலஸ் கச்சேரியிடையே பேசியபோது லிஸ்ட் வாசிப்பை நிறுத்திக்கொண்டார் என ஒரு கதை வழங்குகின்றது. கதையே ஆயினும், அத்தகைய கதை ஹைடனைப் பற்றி எழ வாய்ப்பில்லை.

ஆயின் மண்டபத்தில் அமர்ந்திருந்தோர் யாவர்? 1841 டிசம்பர் முதல் பத்து வாரங்களில் பெர்லின் நகரில் மாத்திரம் 21 கச்சேரிகள் நிகழ்ந்தன. ஏறத்தாழ 80 உருப்படிகள் வாசித்தார். அவற்றுள் 50 மனப்பாடமாக. சீமாட்டிகள் அவர் கையுறைத் துண்டுக்கும் அறுந்த தந்திக்கும் போட்டியிட்டனர். பாரிஸில் வாழ்ந்த கவிஞர் ஹைனே 1844இல் இதற்கு ‘லிஸ்டோமேனியா’, அதாவது லிஸ்ட்பித்து, எனப் பெயரிட்டார். பித்துக்குக் காரணம் யாதென ஆராய்வதுபோல் நடித்து, வெற்றியை ஏற்பாடு செய்யும் கலையில் லிஸ்டை விஞ்சுவோர் இல்லை என்று குத்தினார். ஹைனேயின் நாக்கு நஞ்சு தோய்ந்தது. ஆயினும் நுழைவுச்சீட்டும் விளம்பரமும் முன்னேற்பாட்டுச் செயலாளரும் சேர்ந்து ஒரு புதிய எசமானை உருவாக்கிவிட்டன என்பதை அவர் எவர்க்கும் முன்னதாகக் கண்டார். அவ்வெசமானின் பெயர் சந்தை.

லிஸ்ட் உலோபியல்லர். அவர் வாரி வழங்கினார். பொன் நகரில் பீத்தோவனுக்குச் சிலையெழுப்பப் பணம் சேராது நின்றபோது பெருந்தொகை கொடுத்து அதனை முடிக்கச் செய்தவர் அவரே. 1845இல் சிலை திறக்கப்பட்டது. வழியில் எத்தனையோ பள்ளிகளுக்கும் நோயாளர்க்கும் உதவினார். இக்கொடைகளைச் சிறிதென நாம் கூறவில்லை. ஆனால் லியோன் நெசவாளர் கேட்டது கொடையன்று, கூலிப்பட்டியல். சீமான்கள் சீட்டு வாங்கிக் கேட்ட இசையின் வருமானத்தில் ஒரு பங்கு ஏழைக்குச் சென்றால் ஏழைக்கும் நல்லது, சீமானுக்கும் நல்லது. கூலிப்பட்டியலோ அவ்வாறன்று. ‘லியோன்’ எழுதிய இளைஞர் இவ்வேறுபாட்டை உணர்ந்திருந்தார். பெர்லினிலும் பீற்றர்ஸ்பேர்க்கிலும் அதனை உணர்வதற்கு அவர்க்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை.

1840 ஜனவரியில் பெஸ்ட் நகரத்து மேடையில் ஹங்கேரியப் பிரபுக்கள் அவர்க்குக் கௌரவ வாள் ஒன்றைச் சூட்டினர். அவர் நன்றியுரை கூறினார், பிரெஞ்சு மொழியில்! ஹங்கேரிய மொழி அவர்க்குத் தெரியாது. பாரிஸ் பத்திரிகைகள் பியானோக்காரனுக்கு வாளா என நகைத்தன. நாம் நகைக்கவேண்டியதில்லை. தம் மக்களின் மொழியே தெரியாமல் வளர்க்கப்பட்டமை ஒரு பண்ணை ஊழியர் மகனின் குற்றமன்று.

1847இல் கீவ் நகரில் கோமாட்டி கரோலின் விட்கென்ஸ்டைனைச் சந்தித்தார். அவ்வாண்டு செப்டெம்பரில், எலிசவெத்கிராட் நகரில், பணத்துக்காகச் செய்யும் கடைசிக் கச்சேரியை முடித்தார். வயது முப்பத்தைந்து. புகழின் உச்சியில் நின்று இறங்கிய அத்துணிவுக்கு இசையுலகில் இணையில்லை. அதன் பயனாகவே பி மைனர் சொனாட்டாவும் பன்னிரண்டு வாத்தியக் கவிதைகளும் நமக்குக் கிடைத்தன. கச்சேரி மேடையைத் துறந்து இயற்றுதலிலேயே வாழுமாறு அவரைத் தூண்டியவர் கரோலின் என்று வரலாற்றாசிரியர் புகழ்வர். புகழட்டும். உக்ரேயினில் அக்கோமாட்டிக்குரிய நிலங்களில் சுமார் 30,000 பண்ணையடிமைகள் இருந்தனர். ருஷ்யாவில் பண்ணையடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1861இல். சந்தையிலிருந்து தப்பிய கலைஞர்க்கு நிழலளித்த மரத்தின் வேர் அங்கே இருந்தது.

1848இல் இருவரும் வைமார் வந்தனர். லிஸ்ட் அங்கு ஒரு சிற்றரசின் அவை இசைத்தலைவர், சம்பளம் சொற்பம். நாடுகடந்த புரட்சியாளராக அலைந்த வாக்னரின் ‘லோஹென்கிரின்’ இசைநாடகத்தை 1850இல் முதன்முதல் மேடையேற்றியவர் அவரே. 1849 அக்டோபர் 6ஆம் நாள், தோல்வியுற்ற ஹங்கேரிய விடுதலைப் போரின் பதின்மூன்று தளபதிகள் அராட் நகரில் கொல்லப்பட்டனர். முதலமைச்சர் பட்டியானி பெஸ்ட் நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். லிஸ்ட் ‘இறுதிச் சடங்கு’ என்னும் பியானோ இசையை எழுதி, அதன்கீழ் ‘1849 அக்டோபர்’ என்று மட்டும் குறித்தார். வாள் பெற்றவன் போருக்குப் போகவில்லையே என்று ஹைனே ஒரு கவிதையிற் பரிகசித்தார். ஆயின் அவ்விசையின் அடித்தந்திகளில் மணியோசைபோல் எழும் துக்கத்தைக் கேட்டவர் எவரும் அதனைப் பொய்த்துக்கம் என்னார்.

இந்த வைமாரில் இருந்தே 1855இல் திருத்திய தொகுதி வெளிவந்தது. அது சுவிற்சர்லாந்து பற்றியது. லியோன் சுவிற்சர்லாந்தில் இல்லை என்று சமாதானம் கூறுவார் உளர். பூகோளம் சரிதான். ஆயின் வேறெந்தத் தொகுதியிலும் அவ்விசைக்கு அவர் இடந்தேடவில்லை. முன்பு ‘லியோன்’ நின்ற முதலிடத்தில் இப்போது நிற்பது ‘வில்லியம் டெல்லின் ஆலயம்’. அதுவும் விடுதலையைப் பாடுவதே. தலைப்பில் ஒருவர்க்காக எல்லோரும் என்ற வாசகமும் உண்டு. ஆனால் டெல் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய கதையின் வீரன். அவனால் எந்தப் பட்டு வணிகனுக்கும் இன்று நட்டமில்லை. லிஸ்ட் அஞ்சி நீக்கினார் என்று சொல்ல நம்மிடம் சான்றில்லை; சொல்லவும் மாட்டோம். அஞ்சி நீக்கியிருந்தால் ஒருவகையில் அது மேலானது. அவர் வாழ்ந்த உலகில் நெசவாளர் மெல்ல மெல்லக் கண்ணுக்குத் தெரியாதவராய்ப் போயினர் என்பதே நமக்குத் தோன்றுகின்றது.

மற்றொரு தவறும் அவ்வுலகிலிருந்தே பிறந்தது. 1859இல் அவர் வெளியிட்ட நூலொன்றில், ஹங்கேரிய இசையென வழங்குவது ஜிப்சி மக்களின் படைப்பே என வாதித்தார். அவர் கேட்டது பிரபுக்களின் விருந்திலும் நகரத்து விடுதியிலும் ஜிப்சிக் குழுவினர் வாசித்த இசை. அதில் பெரும்பகுதி கற்ற வர்க்கத்தார் இயற்றியது. வயலில் பாடிய குடியானவனின் குரல் குதிரைவண்டிக்கு எட்டவில்லை.

பின்வாழ்வைச் சுருக்கமாகவே கூறலாம். வைமாரில் எதிர்ப்பு மிகுந்தமையால் 1858இல் பொறுப்பைத் துறந்தார். உரோமாபுரி சென்றார், கரோலினோடு திருமணம் தடைப்பட்டது, மகனும் மூத்த மகளும் இறந்தனர், 1865இல் துறவுடை அணிந்தார். 1869க்குப் பின் உரோமாபுரி, வைமார், புடாபெஸ்ட் என மூன்று நகரங்களில் மாறிமாறி வாழ்ந்தார். முதுமையில் எழுதிய ‘சாம்பல் முகில்கள்’ போன்ற சிற்றிசைகள் இருபதாம் நூற்றாண்டின் இசையை முன்னறிவிப்பன. அக்காலத்தார் அவற்றைக் கிழவரின் தடுமாற்றம் என்றனர். 1886 ஜூலை 31ஆம் நாள் பைரூத் நகரில் காலமானார்.

ஆனால் அவ்விறுதிப் பதினைந்து ஆண்டுகளில் அவர் செய்த ஒரு வேலையை விரைந்து கடக்க நம்மால் இயலாது. தம்மிடம் வந்த மாணாக்கர் எவரிடமும் அவர் ஒரு காசும் பெறவில்லை. செர்னி தமக்குச் செய்ததை நூற்றுக்கணக்கானவர்க்குத் திருப்பிச் செய்தார். 1875இல் புடாபெஸ்டில் தொடங்கப்பட்ட இசைக் கல்லூரிக்கு அவரே முதல் தலைவர். 1835இல் எழுதிய கோரிக்கைகளுள் அவர் மறவாதது கல்விதான்.

அக்கல்லூரியில் அவரிடம் கற்றோருள் ஒருவர் இஸ்த்வான் தோமான். தோமான் பின்னர் அங்கேயே ஆசிரியரானார். அவரிடம் 1899 முதல் 1903 வரை பியானோ பயின்ற மாணாக்கர் பேலா பார்டோக். 1906ஆம் ஆண்டு பார்டோக் குரற்பதிவுக் கருவியொன்றைச் சுமந்துகொண்டு ஹங்கேரியின் கிராமங்களுக்குள் நடந்தார். வயதான குடியானவப் பெண்களை அதன் குழாய்முன் பாடச் சொன்னார். ஐந்து சுரங்களில் அமைந்த மிகப் பழைய மெட்டுக்கள், எந்த ஜிப்சிக் குழுவும் எந்த விருந்திலும் வாசித்திராதவை, மெழுகு உருளைகளிற் பதிந்தன. முப்பது ஆண்டுகளின் பின், 1936இல், ஹங்கேரிய விஞ்ஞானக் கழகத்தில் பார்டோக் உரையாற்ற எழுந்தபோது அவர் எடுத்துக்கொண்ட பொருள் லிஸ்ட்.